சிங்கப்பூர் ஓவியத்தில் மாந்தர் உருவம்

ஆசிரியரின் தூரிகையை மாணாக்கர் மதிப்பது வேறு. அத்தூரிகை சென்ற வழியே தாமும் செல்வது வேறு. சிங்கப்பூர் ஓவிய வரலாற்றில் இவ்வேறுபாட்டை 1959ஆம் ஆண்டின் இரண்டு ஓவியங்களில் தெளிவாகக் காணலாம்.

லிம் ஹாக் தாய் 1938இல் நிறுவிய நன்யாங் நுண்கலைக் கழகத்தில் பயின்று 1952இல் தேறியவர் சுவா மியா டீ. 1931இல் சீன நாட்டில் பிறந்து, சிறுவயதிலேயே சிங்கப்பூர் வந்தவர். அவர் பயின்ற காலத்தில் அக்கழகத்தில் கற்பித்தவர்களுள் ஒருவர் சியோங் சூ பியெங். மாணவர் தேறிய அதே 1952இல் சியோங் வேறு மூன்று ஓவியருடன் பாலித் தீவு சென்று அங்குள்ள மாந்தரைத் தீட்டி வந்தார். சீன மைக்கோட்டின் நெளிவும் பாரிஸ் ஓவியரின் வடிவக் கட்டும் கலந்த அம்முறையை நன்யாங் பாணி என்பர்.

மாணவர் பாலியை நாடவில்லை. தம் வயதொத்த இளைஞரை நோக்கினார். 1955இல் அவர் தீட்டிய ‘மலாயாவின் காவியம்’ என்னும் ஓவியத்தில் ஓர் இளைஞன் கவிதை சொல்ல, தோழர் சூழ்ந்திருந்து கேட்கின்றனர். மலாயா அன்று விடுதலை பெறவில்லை என்பதை நினைவிற்கொண்டால் அம்முகங்களின் கூர்மை விளங்கும். ரேப்பின் முதலிய ரஷ்ய ஓவியரின் சாயலும் அதில் உண்டு.

இனி 1959. ஆசிரியரின் ‘வெப்பமண்டல வாழ்க்கை’ கம்பத்து மகளிரையும் சிறாரையும் நீண்ட கைகால்களுடன் காட்டுகிறது. கண்ணுக்கு இனிய கோலம். ஆயினும் அம்மகளிருள் ஒருத்தியைத் தெருவில் கண்டால் நாம் அடையாளம் அறியோம்.

சிங்கப்பூர் தன்னாட்சி பெற்று மலாய் தேசிய மொழியான அவ்வாண்டில் மாணவர் தீட்டியது ‘தேசிய மொழி வகுப்பு’. ஆணும் பெண்ணுமாக மாணவர் வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். மலாய் ஆசிரியர் நிற்கிறார். கரும்பலகையில் இரண்டே வினாக்கள்: ‘சியாப்பா நாமா காமு?’ ‘டி மானா ஆவாக் திங்கால்?’ அதாவது, உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய். நீ, நீர், நீங்கள் என்று பிரித்துக் கற்பிக்கும் தமிழாசிரியர் கண்ணுக்கு, முதல் வினாவின் முன்னிலைச் சொல் இரண்டாவதில் மாறியிருப்பது தப்பாது. மொழி கற்கும் முதல் நாளுக்குரிய எளிய வினாக்களே அவை. ஆனால் பிறநாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் மிகுந்த ஊரில், புதிய குடிமக்களாகப் போகின்றவர்களிடம் கேட்கப்படும்போது அவற்றின் பொருள் விரிகிறது. ஆசிரியர் ஓவியத்தில் பெயரற்று நின்ற மாந்தரிடம் மாணவர் ஓவியம் பெயரைக் கேட்கிறது. அழகில் ஆசிரியருடையது மேலாகலாம். மாந்தரை மாந்தராகக் கண்டதில் மாணவருடையதே மேல்.

சுவா சார்ந்திருந்த பூமத்தியரேகை ஓவியச் சங்கம் 1956இல் தோன்றி 1974இல் பதிவு நீக்கப்பட்டது. மனித உருவை நேரில் கண்டு வரையும் பயிற்சி அத்துடன் அற்றுவிடவில்லை. தமிழரான எஸ். நமசிவாயம் (1926–2013) அதனையே தம் கலையாகக் கொண்டு, அதற்கென அமைந்த ‘குழு 90’இல் முன்னின்றார்.

2015 நவம்பரில் திறக்கப்பெற்ற சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம் தன் முதற் பெருங்காட்சிக்கு இட்ட பெயர் ‘சியாப்பா நாமா காமு?’ என்பதே. சுவாவுக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்ததும் அவ்வாண்டே. 1983இல் மறைந்த சியோங்கின் ‘கருவாடு உலர்த்தல்’ 1999 முதல் ஐம்பது வெள்ளித் தாளின் பின்புறத்தில் இடம்பெற்றுள்ளது. சிராங்கூன் சாலைக் கடைகளில் அது நாள்தோறும் கைமாறுகிறது.