ஆமைக்குக் காவல்

காஞ்சி மாநகரத்தின் கோயில்களுள் ஒன்று கச்சபேசுவரர் கோயில். கச்சபம் என்ற வடசொல்லுக்கு ஆமை என்பது பொருள். பாற்கடலைக் கடைந்தபோது மந்தர மலையை முதுகில் தாங்கிய திருமால், அந்த ஆமை வடிவிலேயே இங்கு வந்து சிவபெருமானை வழிபட்டார் என்பது தலபுராணம். கடலுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் அப்பால், பட்டுத் தறிகளின் ஓசை கேட்கும் ஊரில், ஆமை இறைவனின் திருப்பெயரிலேயே இடம்பெற்றிருப்பதை நான் பலமுறை எண்ணி வியந்ததுண்டு.

2019ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரையில், கோவளம், மாமல்லபுரம் முதலிய ஊர்களைக் கொண்ட நீண்ட கடற்கரையும் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அக்கரைக்கு ஆண்டுதோறும் உயிருள்ள ஆமைகள் வருகின்றன. அவற்றை மக்கள் காத்து வந்த வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுகின்றேன்.

தை முதல் பங்குனி வரை இங்கு முட்டையிட வருவதால் இதனை மீனவர் பங்குனி ஆமை என்பர். தாயாமை இருளில் கரையேறி, பின்கால்களால் ஒன்றரை அடி ஆழத்திற்குக் குழி தோண்டி, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். மீண்டும் வந்து பார்ப்பதில்லை. அகநானூற்றில் நப்பசலையார் பாடிய நெய்தற் பாட்டொன்று, ஆமை மணலில் மறைத்த முட்டையைக் குஞ்சு வெளிவரும் வரை அதன் கணவன் காத்திருப்பதாகக் கூறுகின்றது. முட்டை புதைப்பதைக் கண்ட புலவரின் கண் கூர்மையானது. ஆனால் கணவனின் காவல் கவியுள்ளம் கண்ட காட்சி. ஆண் ஆமை முட்டையைக் காக்கக் கரையேறுவதே இல்லை. காவலற்ற முட்டைக்குக் காவலர் யார் என்பதுதான் நம் வரலாற்றின் வினா.

நெடுங்காலம் அவ்வினாவுக்கு விடை இல்லை. நாயும் நரியும் குழியைத் தோண்டின. மனிதரும் தோண்டி எடுத்து உண்டனர், விற்றனர். 1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1977இல் கடலாமைகள் அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆயினும் ஏட்டில் உள்ள சட்டம் நள்ளிரவில் மணலில் நடக்குமோ? நடப்பதற்கு மனிதர் வேண்டும்.

முதலில் நடந்தவர்கள் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இளைஞர்கள். 1970களின் முற்பகுதியில், ராமுலஸ் விட்டேகர் முதலியோர் இரவுதோறும் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்தனர். அவர்களுள் ஒருவரான சதீஷ் பாஸ்கர், பின்னாளில் இந்தியக் கடற்கரைகளையும் தீவுகளையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஆராய்ந்தார். 1970களின் பிற்பகுதியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோவளத்தில் ஒரு குஞ்சு பொரிப்பகம் அமைத்தது. 1988இல் சென்னை மாணவர்களே கூடி ஆமைப் பாதுகாப்புக்கென ஒரு சங்கம் கண்டனர். இளைஞர் மாறிக்கொண்டே இருந்தாலும் அந்த இரவு நடை இன்றளவும் தொடர்கின்றது.

எனினும் மாணவர் விடுமுறையில் வருவர், தேர்வுக்குப் போவர். கரையிலேயே வாழ்வோர் மீனவர். எனவே 2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை, மீனவக் குப்பத்து இளைஞர்களையே ஆமைக் காவலர் ஆக்கியது. முட்டை எடுத்த கரையிலேயே முட்டையைக் காப்பவரும் தோன்றினர். மாசித் திங்களின் ஓர் இரவில் நானும் அத்தகைய காவலர் சிலருடன் நடந்தேன். ஆமை ஏறிவந்த தடத்தை எனக்கு முன்பே இருளில் கண்டுகொண்டார் ஒருவர். கோலால் மணலை மெல்லக் குத்திக் குழியின் இடத்தை உணர்ந்து, முட்டைகளைக் கையால் எடுத்துப் பையில் வைத்தார். "இதை அசக்கக் கூடாதுங்க, கைக்குழந்தை மாதிரி" என்றார். வேலியிட்ட பொரிப்பகத்தில் மீண்டும் புதைக்கப்படும் அம்முட்டைகள் ஏறத்தாழ 50 நாளில் பொரிகின்றன. மணல் மிகவும் சூடேறினால் பெண் குஞ்சுகளும், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகத் தோன்றும். வெளிவந்த குஞ்சு ஒளி மிகுந்த திசையை நோக்கி ஓடும். இயற்கையில் அத்திசை கடலாகும். இன்றோ சாலை விளக்குகள் அதனை ஏமாற்றிவிடுகின்றன.

கரையில் காத்தால் மட்டும் போதுமோ? ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவைப் படகின் வலையில் நெடுநேரம் சிக்கினால் மூச்சடைத்து இறக்கும். 2025ஆம் ஆண்டு சனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆய்ந்தவர்கள் மூச்சடைப்பின் அடையாளங்களைக் கண்டனர். கரையிலிருந்து 5 கடல் மைல் வரையில், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வரையில், இழுவைப் படகு வலை வீசக் கூடாது என்பது விதி. இவ்விதி முதலில் சிறு படகு மீனவரின் பிழைப்பைக் காப்பதற்காக எழுந்தது. அதே எல்லைக்குள்தான் முட்டையிட வரும் ஆமைகளும் கூடுகின்றன. ஆகவே விதி மீறப்பட்டால் ஆமையும் சாகின்றது. எளிய மீனவனின் வலையும் வெறுமையாகின்றது. இருவர் நலமும் ஒன்றே என்பதைக் கரையோர மக்கள் நன்கு அறிவர்.

சுறாவுக்கும் திருக்கைக்கும் இது பொருந்தும். மற்ற மீன்கள் இலட்சக்கணக்கில் முட்டையிட, இவை பல ஆண்டுகள் வளர்ந்த பின்னரே சில குட்டிகளை ஈனும். அழிந்தால் எளிதில் மீளா. 2001ஆம் ஆண்டில் திமிங்கிலச் சுறாவும் வேறு சில சுறா, திருக்கை இனங்களும் சட்டக் காவல் பெற்றன. குசராத்தில் அதுவரை திமிங்கிலச் சுறாவை வேட்டையாடிய மீனவரிடம், "மகப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகளைக் கொல்வதோ?" என்னும் கருத்தை 2004ஆம் ஆண்டு முதல் மொராரி பாபு எடுத்துரைத்தார். அதன்பின் மீனவர் தம் வலையையே அறுத்து, சிக்கிய சுறாக்களை விடுவித்தனர். கிழிந்த வலைக்கு அரசு இழப்பீடு தந்தது.

தாய்வீட்டுக்கு வரும் மகள் என்ற அச்சொல் நம் பங்குனி ஆமைக்கும் பொருந்துவதே. தான் பிறந்த கரைப்பகுதியைத் தேடியே அது முட்டையிட வருகின்றது. மகள் வரும் நாளில் வாசலில் யாரேனும் விழித்திருப்பது நம் வீட்டு வழக்கம். நம் கரையில் மீனவரும் மாணவரும் விழித்திருக்கின்றனர். அவர்களோடு ஓர் இரவாவது நடந்து பாருங்கள், மாணவ நண்பர்களே! புலவர் ஆண் ஆமைக்கு அளித்த காவற்பணி உண்மையில் யாருடையது என்பது அப்போது உங்களுக்கு விளங்கும்.