பழைய கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

பழைய கம்ப்யூட்டரில் ஒரு கேம் ஓட வேண்டும், எந்தக் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். வீட்டில் இருக்கும் பெட்டி எதைத் தாங்கும் என்று முதலில் பார்த்தால், வாங்கத்தக்க கார்டுகள் தாமாகவே இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

ஊரும் இந்த வரிசையைக் கட்டாயமாக்குகிறது. சென்னை ரிச்சி தெருவுக்கு சிபியுவையே தூக்கிக்கொண்டு போனால், கடைக்காரர் முன்னாலேயே கார்டைச் செருகிப் பார்க்கலாம். சேராவிட்டால் அடுத்த கடை ஏறலாம். இராஜபாளையத்துக்காரருக்கு அது வாய்க்காது. கீபோர்டு, ரேம், எஸ்எஸ்டி உள்ளூரிலேயே கிடைக்கும். கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் ஆர்டர் சொன்னால்தான் வரும். இல்லையென்றால் 80 கிலோமீட்டர் பஸ் ஏறி மதுரை, அல்லது ஆன்லைன், அல்லது பொதிகை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வரும் சித்தப்பா மகன். எந்த வழியில் வந்தாலும் திருப்பிக் கொடுப்பது பெரும்பாடு.

மடிக்கணினிகள் இந்த ஆய்வில் இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் பல வீடுகளுக்கு முதல் கணினி வந்தது உண்மை. ஆனால் அவற்றில் கழற்றி மாற்றுவதற்குத் தனிக் கார்டே கிடையாது.

2. மின்சாரம்

நூற்பாலை அலுவலகத்திலோ கல்லூரி லேபிலோ டேலிக்கும் டைப்பிங்குக்கும் உழைத்து ஓய்ந்து, பிறகு ‘ரீஃபர்பிஷ்டு’ என்று விலைக்கு வரும் ஒல்லிப் பெட்டியை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 அத்தகையது. 2012இல் வந்த மாடல். அதில் பரவலாக இருப்பது இன்டெல் ஐ5-3470 பிராசசர். கேம், 2015 ஏப்ரலில் கணினிக்கு வந்த ஜிடிஏ 5. அதை நன்றாக ஓட்டப் பரிந்துரைக்கப்பட்ட பிராசசர் இதே ஐ5-3470தான். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று தோன்றும்.

மீதிப் பாதியில்தான் சிக்கல். பரிந்துரைக்கப்பட்ட கார்டு என்விடியா ஜிடிஎக்ஸ் 660. அது 140 வாட் இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக 6 பின் ஒயர் கேட்கும். 7010இன் ஒல்லிப் பெட்டியில் இருப்பது 240 வாட் எஸ்எம்பிஎஸ், அந்த ஒயர் அதில் இல்லை. பெரிய எஸ்எம்பிஎஸ் மாட்டலாமென்றால், வெளியில் கிடைக்கும் வழக்கமான பெட்டி வடிவம் உள்ளே உட்காராது.

ஆகவே ஸ்லாட்டே கொடுக்கும் மின்சாரத்தில் ஓடும் கார்டுதான் வழி. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். 2016 அக்டோபரில் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ சரியாக அந்த எல்லைக்குள் நிற்கிறது. வேகத்திலோ 660ஐ முந்துகிறது. பிராசசருக்கு 77, கார்டுக்கு 75, மதர்போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் ஒரு 50 என்று தாராளமாக வைத்தாலும் 202 வாட். 240க்குள் அடங்குகிறது.

உள்ளூரில் அசெம்பிள் செய்த சிஸ்டத்தில் கதை வேறு. மலிவு எஸ்எம்பிஎஸ் மேல் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 16 ஆம்பியர் என்றால் 12ஆல் பெருக்கினால் 192 வாட். கார்டும் பிராசசரும் பங்கு போட்டுக்கொள்வது அந்த 192ஐத்தான். சாட்டா ஒயரை 6 பின்னாக மாற்றித் தரும் கன்வெர்ட்டரை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. 54 வாட்டுக்கு ஏற்பட்ட சாட்டா கனெக்டரிடம் 75 வாட் கேட்டால் பிளாஸ்டிக் உருகத்தான் செய்யும்.

3. இடமும் இணைப்பும்

முழு உயரக் கார்டின் பின்தகடு 12 செ.மீ.; ஒல்லிப் பெட்டிக்கு 8 செ.மீ. அளவுள்ள ‘லோ புரொஃபைல்’ கார்டு வேண்டும். கார்டு இரண்டு ஸ்லாட் தடிமன் என்றால் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்தே பார்த்துவிடலாம்.

பலர் மறப்பது மானிட்டரை. பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ பின் மட்டுமே இருக்கும். 1050 டிஐ தலைமுறைக் கார்டுகளின் சில்லுக்கு விஜிஏ தரும் திறனே கிடையாது. கன்வெர்ட்டர் தனியாக வாங்க வேண்டும். கார்டைச் செருகிய பிறகும் ஒயரை மதர்போர்டிலேயே விட்டுவிட்டு, ‘டிஸ்பிளே வரல’ என்று கடைக்குப் போன் போடுகிறவர்களும் உண்டு.

4. பெயரும் சரக்கும்

ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கப்படுகிறது என்பது இத்துறையின் பெரிய ஏமாற்று. ஜிடி 1030இன் முதல் வடிவம் 2017இல் வந்தது. அதன் ஜிடிடிஆர்5 நினைவகம் நொடிக்கு 48 ஜிபி கடத்தும். அடுத்த ஆண்டு டிடிஆர்4 நினைவகத்தோடு அதே பெயரில் வந்தது 17 ஜிபியைக்கூடத் தொடாது. இரண்டிலும் 2 ஜிபிதான். ஜிபி எண்ணிக்கையை வைத்து வேகத்தை மதிப்பிடுவது வீண்.

செகண்ட் ஹேண்டிலும் பெயர் தெரியாத ஆன்லைன் கடைகளிலும் இதைவிட மோசம்: ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய கார்டுகளின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்கிறார்கள். விண்டோஸும் அதை நம்பிவிடும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் உள்ளேயிருக்கும் சில்லைப் பார்த்து, போலி என்றால் பெயருக்கு முன்னாலேயே அப்படிக் காட்டும். ‘1050 டிஐ’ ஒன்று விஜிஏ பின்னோடு வந்தால் அப்போதே சந்தேகப்படலாம்.

5. பஞ்சும் வெயிலும்

நூற்பாலையும், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறிகளும் உள்ள வட்டாரத்தில் கணினிக்குள் அடைவது வெறும் தூசி அல்ல. மூடியைத் திறந்தால் ஃபேனுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டடை கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. சித்திரை, வைகாசி வெயிலில் கார்டு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேம் லேக் அடிக்கும். பழி கார்டின் மேல் விழும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும்.

6. கார்டால் தீராதவை

வாலரண்ட் கேமுக்குப் பெரிய கார்டு தேவையில்லை. ஆனால் விண்டோஸ் 11இல் அது டிபிஎம் 2.0வும் செக்யூர் பூட்டும் கேட்கிறது. 7010இல் இருப்பது டிபிஎம் 1.2, அதன் பிராசசரும் விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. ஜிடிஏ 5இன் 2025 மார்ச் பதிப்போ குறைந்தபட்சமே ஐ7-4770 பிராசசர் கேட்கிறது. 7010இன் சாக்கெட்டில் அது பொருந்தாது. ஆகவே இந்தப் பெட்டியில் ஓட்ட வேண்டியது பழைய பதிப்பைத்தான்.

டிரைவர் பற்றியும் ஒரு சொல். 1050 டிஐ தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாகவும், அதன்பின் 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தருவதாகவும் என்விடியா அறிவித்தது. 2015இல் வந்த கேமை ஓட்டுகிறவருக்கு இருக்கும் டிரைவரே போதும்.