வடக்கே ஓடும் ஆறு: வின்னிபெக் வீடுகளும் வசந்த வெள்ளமும்

வட அமெரிக்காவின் ரெட் ஆறு தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. வடக்கு டகோட்டாவுக்கும் மினசோட்டாவுக்கும் எல்லையாக நெடுந்தூரம் வந்து, கனடாவின் மனிடோபா மாகாணத்தில் நுழைந்து, வின்னிபெக் நகரில் அசினிபோயின் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு வின்னிபெக் ஏரியில் கலக்கிறது. இந்த ஆற்றங்கரை வீடுகளின் தொல்லைகளெல்லாம் அந்தத் திசையிலிருந்து தொடங்குகின்றன. ஏப்ரல் மாதத்தில் தெற்கே பனி உருகிப் புறப்படும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். வருகிற நீருக்குப் போகிற வழியில்லை. உடைந்த பனிப்பாளங்கள் வளைவுகளிலும் பாலங்களிலும் சிக்கி அணைபோல நிற்கும்.

நிலமும் துணைசெய்வதில்லை. பனியுகத்தின் முடிவில் இங்கே அகாசிஸ் என்ற மாபெரும் ஏரி இருந்தது. அதன் வற்றிய படுகைதான் இன்றைய ரெட் ஆற்றுச் சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் மேடுபள்ளமே கிடையாது. கரை மீறிய நீர் பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி, வாரக்கணக்கில் வடியாமல் நிற்கும். இலையுதிர் காலத்தில் நல்ல மழை பெய்து, ஈரத்தோடு மண் உறைந்து, அதன்மேல் கனத்த பனி விழுந்து, வசந்தம் தாமதமாக வந்து, உருகும் நேரத்தில் மழையும் சேர்ந்துகொண்டால் பெருவெள்ளம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வானத்தைப் பார்த்துப் பயப்படும் தமிழ்நாட்டு வழக்கம் இங்கே செல்லாது. ஐந்து மாதமாகத் தரையில் சேர்ந்து கிடப்பதைத்தான் இங்குள்ளவர்கள் அளந்து பார்க்கிறார்கள்.

க்ரீ, அனிஷினாபே போன்ற தொல்குடிகள் இரு ஆறுகளும் கூடுமிடத்தில் பருவத்துக்குத் தங்கி, பருவம் மாறினால் பெயர்ந்து வாழ்ந்தவர்கள். நீர் ஏறும்போது கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு மேடு தேடுவது அவர்களுக்குப் பெரிய காரியமல்ல. 1812இல் செல்கர்க் பிரபு அனுப்பிய ஸ்காட்லாந்துக் குடியேறிகள் வந்த பிறகுதான் அசையாத வீடு என்பது இந்தக் கரைக்கு வந்தது. ஆறுதான் பாதை, குடிநீரும் அதுவே. ஆகவே ஆற்றில் தொடங்கிப் பின்னோக்கி நீளும் குறுகிய பட்டைகளாக நிலம் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பட்டையின் ஆற்றுமுனையிலும் ஒரு வீடு. செங்குத்துத் தூண்களில் காடியெடுத்து அதில் மரத்துண்டுகளைச் செருகிக் கட்டிய மரவீடுகள் அவை.

1826 மே மாதத்தில் பனிக்கட்டியோடு சேர்ந்து வந்த நீர் அந்தக் குடியிருப்பில் ஏறக்குறைய எல்லா வீடுகளையும் அள்ளிக்கொண்டு போனது. வின்னிபெக் இருக்குமிடத்தில் அன்று நொடிக்குச் சுமார் 6,400 கன மீட்டர் நீர் ஓடியிருக்கும் என்று பிற்காலப் பொறியாளர்கள் கணித்திருக்கிறார்கள். இன்றுவரை அதை மிஞ்சிய வெள்ளம் இந்த ஆற்றில் பதிவாகவில்லை. குடியேறிகளில் ஒரு பகுதியினர் இனி இந்த மண்ணே வேண்டாம் என்று அமெரிக்கப் பக்கம் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் அதே பட்டைகளில், அதே ஆற்றுமுனையில் மறுபடி வீடு கட்டினார்கள். உரோமத்தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனி மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தது. அதன் ஆளுநர் ஜார்ஜ் சிம்சன் 1830களின் தொடக்கத்தில் ஆற்றின் போக்கில் கீழே தள்ளி, உயர்ந்த கரையில் கல்லால் புதிய கோட்டை எழுப்பினார். 'லோயர் ஃபோர்ட் கேரி' என்ற அந்தக் கோட்டை இன்றும் நிற்கிறது. ஆனால் வணிகமும் மக்களும் ஆறுகள் கூடும் பழைய இடத்தை விட்டு வரவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனியும் அங்கே இன்னொரு கோட்டையைக் கட்ட வேண்டியதாயிற்று.

1852இல் அடுத்த பெருவெள்ளம். அப்போது மக்களிடம் ஒரு முறை உருவாகியிருந்தது: தானியத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் பரணுக்கு ஏற்றுவது, கால்நடைகளை முன்னதாகவே ஓட்டிவிடுவது, குடும்பத்தோடு பேர்ட்ஸ் ஹில் போன்ற மேடுகளுக்குப் போய்த் தங்குவது. ஆங்கிலிகன் பேராயர் டேவிட் ஆண்டர்சன் அந்த வெள்ளத்தைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். வீட்டைக் காப்பது அன்று யாருடைய எண்ணத்திலும் இல்லை. ஆளையும் விதைநெல்லுக்கு ஒப்பான விதைக் கோதுமையையும் காப்பாற்றினால் போதும். மரவீட்டை மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

1861 வெள்ளத்துக்குப் பிறகு ஆறு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் அடங்கிக் கிடந்தது. அந்த இடைவெளியில்தான் நகரம் வளர்ந்தது. கனடியன் பசிபிக் ரயில்பாதைக்கு ஆய்வு நடத்திய சான்ட்ஃபோர்ட் ஃபிளெமிங், வெள்ள ஆபத்தைச் சுட்டிக்காட்டி, ஆற்றை வடக்கே செல்கர்க் என்ற ஊரில் கடக்கலாம் என்றார். வின்னிபெக் வணிகர்கள் விடவில்லை. நிலத்தை இலவசமாகக் கொடுத்து, வரியைத் தள்ளுபடி செய்து, பாலத்தையும் தாங்களே கட்டிக்கொடுத்து ரயிலைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். ஒரு பெருநகரம் வெள்ளப்படுகையின் நடுவில் அமைந்தது அறியாமையால் அல்ல. எச்சரிக்கை கையில் இருந்தும் எடுத்த முடிவு அது.

இதே காலத்தில் வீட்டின் அமைப்பும் மாறியது. இங்கே குளிர்காலத்தில் தரை ஆறடிக்கும் கீழே உறையும். உறைந்த மண் வீங்கிக் கட்டடத்தைத் தூக்கிவிடாமல் இருக்க, அஸ்திவாரம் அதற்கும் கீழே போக வேண்டும். அவ்வளவு ஆழம் தோண்டிய பிறகு அந்தக் குழியை வீணாக்குவானேன் என்று நிலவறை வந்தது. நிலக்கரி, கணப்பு உலை, துணி துவைக்கும் தொட்டி, பிற்காலத்தில் பிள்ளைகளின் படுக்கையறை எல்லாம் அதற்குள் இறங்கின. பரணுக்குப் பொருளை ஏற்றிய மக்களின் பேரப்பிள்ளைகள் விலைபெற்ற பொருளையெல்லாம் வெள்ளமட்டத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

1950 மே மாதத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. வின்னிபெக்கில் நீர்மட்டத்தை ஜேம்ஸ் அவென்யூ பம்பு நிலையத்தின் அளவுகோலில் அடிக்கணக்கில் சொல்வது வழக்கம். 18 அடி வந்தால் வெள்ளநிலை. அந்த ஆண்டு அது 30.3 அடியைத் தொட்டது. அவசரமாகப் போட்ட மண்கரைகளில் எட்டு, மே 5ஆம் தேதி இரவில் உடைந்தன. சுமார் 1 லட்சம் பேர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. இத்தனை பெரிய வெள்ளத்தில் உயிரிழந்தவர் ஒருவர். அவரும் நிலவறையில் மூழ்கியவர்.

கரையும் மணல் மூட்டையும் ஒரு கைத்தொழிலாகப் பழகியது இதற்குப் பிறகுதான். மூட்டையைப் பாதிதான் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் உருண்டு நின்று இடுக்கில் நீரை விடும். வாயை மடித்துப் படுக்கவைத்து, காலால் மிதித்துத் தட்டையாக்கி, செங்கல் வரிசைபோல இணைப்பு மாறிவர அடுக்க வேண்டும். உயரத்தைப்போல மூன்று மடங்கு அடியகலம் இருந்தால்தான் சுவர் நிற்கும். பாலித்தீன் விரிப்பு ஒன்று இடையே போகும். அடியிலுள்ள பனியையும் புல்லையும் முதலில் செதுக்கி எடுக்காவிட்டால் நீர் கீழே வழி கண்டுபிடித்துவிடும். வசந்த வெள்ளத்துக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு: ஈர மணல் மூட்டை இரவில் உறைந்தால் பாறாங்கல் ஆகிவிடும், அதை எப்படி அடுக்கினாலும் ஓட்டை விழும். அதனால் மூட்டைகளைச் சூடான கொட்டகைகளில் வைத்துக் காப்பது இங்கே வழக்கம். வீட்டுச் சுவரை ஒட்டி மூட்டை அடுக்குவது புதியவர்கள் செய்யும் பிழை. சில அடி தள்ளிப் போட்டால்தான் கசியும் நீரை இடையிலிருந்து பம்பு வைத்து இறைக்கலாம். பாரமும் அஸ்திவாரத்தில் விழாது.

வெள்ளம் வடிந்த பிறகு நகரம் ஆற்றோரச் சாலைகள் சிலவற்றையே உயர்த்திக் கரையாக்கியது. லிண்டேல் டிரைவ் அப்படி எழுந்த சாலை. சாலைக்கு இந்தப் பக்கம் இருந்த வீடுகள் காப்பாற்றப்பட்டன. அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டி இருந்தவை ஒவ்வொரு வெள்ளத்திலும் மூட்டையை நம்பி நிற்க வேண்டியதாயிற்று.

அடுத்த யோசனை ஆற்றையே பிரித்து விடுவது. 1958இல் ஓர் ஆணையம் அதைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு மாகாண முதல்வரான டஃப் ராப்லின் அதைக் கையிலெடுத்தார். நகரின் கிழக்கே 47 கிலோமீட்டர் நீளத்துக்கு 1962 முதல் 1968 வரை வெள்ளக்கால்வாய் வெட்டினார்கள். தோண்டிய மண் 7.6 கோடி கன மீட்டருக்குக் குறையாது. 'டஃப்பின் பள்ளம்' என்று கேலி பேசினார்கள். கேலி நின்றது, பெயர் நிலைத்தது. இதன் இயக்கம் எளிமையானது: கால்வாயின் வாயில் கதவு இல்லை, தாழ்வான மண்மேடுதான். கதவுகள் ஆற்றின் அடியில் படுத்திருக்கின்றன. பனிக்கட்டி தடையின்றி நகரத் தொடங்கிய பின் அவற்றை மெல்ல உயர்த்தினால், மேற்பக்கம் நீர்மட்டம் ஏறி, மிகுதி நீர் கால்வாய்க்குள் வழியும். அதோடு அசினிபோயின் நீரை மனிடோபா ஏரிக்குத் திருப்பும் போர்ட்டேஜ் கால்வாயும் ஷெல்மவுத் அணையும் 1970களின் தொடக்கத்துக்குள் சேர்ந்தன.

கரையும் கால்வாயும் தெருவில் வரும் நீருக்கு. நிலவறைக்குள் நீர் வேறு வழிகளில் வந்தது. பழைய வின்னிபெக்கில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடி, மிகுந்தால் ஆற்றில் வழியும். ஆறு உயர்ந்தால் குழாய் எதிர்த்திசையில் தள்ளும். நிலவறைத் தரையிலுள்ள வடிகால் துளை வழியே சாக்கடை மேலெழும். இதைத் தடுக்கும் ஒருவழி வால்வை 1979 முதல் புதிய வீடுகளுக்கு நகராட்சி கட்டாயமாக்கியது. மண்வழி கசிவுக்கு வேறு ஏற்பாடு: அஸ்திவாரத்தைச் சுற்றிப் பதித்த துளைக்குழாய், அது வந்து சேரும் சேகரிப்புக் குழி, அதில் மிதவை உயர்ந்தால் தானே ஓடும் பம்பு. 1990 முதல் புதிய வீடுகளுக்கு அதுவும் விதியானது. வெள்ளநேரத்தில்தான் மின்சாரமும் போகும் என்பதால் அனுபவசாலிகள் பம்புக்கு பேட்டரியும் வைத்துக்கொள்கிறார்கள்.

மண்ணின் குணத்தையும் அறிய வேண்டும். அகாசிஸ் ஏரியின் களிமண் நம் கரிசல்போல ஈரத்தில் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். கோடையில் சுவருக்கும் மண்ணுக்கும் இடையே விழும் பிளவு வழியே வசந்தத்தில் உருகும் நீர் நேரே இறங்கும். மார்ச்சிலேயே சுவரோரப் பனியை வாரித் தள்ளுவது, வீட்டைச் சுற்றி மண்ணை வெளிச்சரிவாக வைப்பது, கூரைநீர்க் குழாயை நீட்டிவிடுவது எல்லாம் இதற்காகத்தான். செலவில்லாத இந்த வேலைகளால் மிச்சமாகிற சேதம் அதிகம். வெளியே நீர் நிற்க, நிலவறையை மட்டும் ஒரேயடியாக இறைத்து உலர்த்தினால் சுவர் உள்ளே சரியும். தரை மேலே எழும்பும். ஆகவே வடியும் வேகத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாக இறைப்பது முறை.

கால்வாய்க்குத் தெற்கே உள்ள சமவெளி ஊர்களுக்கு நகரத்தின் ஏற்பாடு உதவவில்லை. 1966 வெள்ளத்துக்குப் பிறகு எமர்சன், மோரிஸ், செயின்ட் அடால்ஃப் உள்ளிட்ட எட்டு ஊர்களைச் சுற்றி வளையக் கரை எழும்பியது. நெடுஞ்சாலை கரையைக் கடக்கும் இடத்தை வெள்ளம் வரும்போது மண் போட்டு மூடிவிடுவார்கள், ஊர் தீவாகும். தனித்தனிப் பண்ணைவீடுகள் 1979க்குப் பிறகு மண்திட்டின்மேல் தூக்கிவைக்கப்பட்டன.

1997 இந்த ஏற்பாடுகளையெல்லாம் சோதித்தது. ஏப்ரல் முதல் வாரப் பனிப்புயல் ஏற்கனவே கனத்திருந்த பனிமேல் மேலும் பனியைக் கொட்டியது. எல்லைக்குத் தெற்கே கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் மூழ்கி, அதன் மையப்பகுதி தீப்பிடித்தும் எரிந்தது. மனிடோபாவில் சுமார் 28,000 பேர் வெளியேறினார்கள், ராணுவம் வந்தது. நீர் மேற்கே சுற்றி நகரின் பின்வழியாக நுழையும் என்று தெரிந்ததும், பிரங்கில்ட் ஊர்ப்பக்கம் நாற்பது கிலோமீட்டருக்கும் நீளமான மண்கரையைச் சில நாள்களில் இரவு பகலாக எழுப்பினார்கள். வளையக் கரை இல்லாத செயின்ட் அகத் ஏப்ரல் 29 அன்று மூழ்கியது. ஆறு இருந்தது கிழக்கே; நீர் வந்தது மேற்கிலிருந்து. நகருக்குள் மட்டம் 24.5 அடியோடு நின்றது.

அந்த 24.5 அடிக்கு வெளியே இருந்தவர்கள் விலை கொடுத்தார்கள். ஆற்றுக்கதவுகளை உயர்த்தியதால் கால்வாய் வாயிலுக்கு மேலே நீர் இயல்பு மட்டத்தையும் தாண்டியது. கிராண்ட் பாயின்ட் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. நகரத்தைக் காத்த நீரே தங்களை மூழ்கடித்தது என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பிறகு வந்த விதிகள் இரு திசையிலும் சென்றன. வெள்ளப்பகுதியில் கட்டும் புதிய வீடு 1997 மட்டத்துக்கு இரண்டடி மேலே அமைய வேண்டும். செயின்ட் அகத்துக்கும் வளையக் கரை வந்தது. கால்வாயை 2005 முதல் அகலப்படுத்தி, முதலில் நொடிக்கு 1,700 கன மீட்டராக இருந்த கொள்ளளவைச் சுமார் 4,000 ஆக்கினார்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில் வசந்தம் பிறப்பதற்கு முன்பே மிதவை இயந்திரங்கள் பனியை உடைத்து வழிசெய்கின்றன. 2004இல் மாகாணச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, கதவுகளை இயக்கியதால் இயல்பு மட்டத்துக்கு மேல் ஏறிய நீரில் வசந்தகாலச் சேதம் அடைந்த வீட்டுக்கு அரசு இழப்பீடு தர வேண்டும்.