மணலில் இழுத்த கோடு

அமெரிக்கக் கடற்கரையை அளந்து வரைவதற்கான சட்டம் 1807இல், தாமஸ் ஜெபர்சன் குடியரசுத் தலைவராக இருந்தபோது இயற்றப்பட்டது; ஆயினும், கருவிகளை ஐரோப்பாவிலிருந்து தருவிப்பதில் ஆண்டுகள் கழிந்தன; 1818இல் பணி படைத்துறையிடம் சென்று முடங்கியது. 1832இல் அதற்கு உயிர் கிடைத்தபோது மீண்டும் பொறுப்பேற்றவர், சுவிட்சர்லாந்தில் பிறந்த பெர்டினாண்ட் ஹாஸ்லர். முக்கோண அளவையில் நேரடியாக அளக்கப்படும் நீளத்தை அடிக்கோடு என்பர். ஏனைய தொலைவுகள் அதிலிருந்தும் கோணங்களிலிருந்தும் கணக்கிடப்படுவதால், அதில் நேரும் பிழை வரைபடம் முழுவதையும் பற்றும். அத்தகைய அடிக்கோட்டை ஹாஸ்லர் 1834இல் அளந்த இடம், லாங் ஐலண்டின் தெற்கே நீண்டு கிடக்கும் ஃபயர் ஐலண்டு.

அது ஒரு தடுப்புத் தீவு, அதாவது பெருங்கடலுக்கும் கிரேட் சவுத் பே என்னும் ஆழமற்ற விரிகுடாவுக்கும் இடையே அலைகள் குவித்த ஒடுங்கிய மணல் திட்டு. இரண்டு மீட்டர் நீளமுள்ள இரும்புச் சட்டங்கள் நான்கை ஒன்றாகப் பிணைத்து, அடுத்தடுத்த அளவுகளை ஒன்றோடொன்று முட்டவிடாமல் நுண்ணோக்கியால் பொருத்தி, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் அளந்தனர். அசையும் நிலத்தின்மேல் அசையாத அளவொன்றை நிறுவிய அந்தப் பொறுமை போற்றத்தக்கது.

கரையை வரைந்தவர்கள் முக்காலியில் பொருத்திய தளமேசையுடன் நடந்தவர்கள். மேசைமேல் விரித்த தாளில், நோக்குகோலால் குறிபார்த்து, கண்முன் இருந்ததை அங்கேயே கோடாக்கினர். கரைக்கோடாக அவர்கள் கொண்டது உயர் ஓதம் எட்டும் எல்லை. அதை அறிய, முந்தைய ஓதம் ஒதுக்கிய பாசியும் சருகும் கிடந்த வரிசையையும், ஈரமணல் நிறம் மாறும் இடத்தையும் பார்த்தனர். விரிகுடாப் பக்கத்துச் சதுப்பில் அத்தகைய தடம் தெரியாததால், புல் முடியும் வெளிவிளிம்பே கரையாயிற்று.

கடலோர நீரோட்டம் மணலை மேற்காகத் தள்ளிச் செல்வதால் தீவும் அத்திசையில் நீண்டது. 1826இல் தீவின் அன்றைய மேற்கு முனையில், கடல் விரிகுடாவுக்குள் நுழையும் முகத்துவாரத்தருகே எழுந்த கலங்கரை விளக்கத்துக்குப் பதிலாக 1858இல் அதனருகே கட்டப்பட்ட கோபுரம் இன்றும் நிற்கிறது. தீவின் மேற்கு முனையோ அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டர் அப்பால் சென்றுவிட்டது. இத்தகைய நகர்வைக் கணிக்க ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பழைய தாள்களையே நாடுகின்றனர். ஆனால் 1:10,000 அளவில், அரை மில்லிமீட்டர் தடித்த பேனாக்கோடு தரையில் ஐந்து மீட்டரை மறைக்கும் என்பதால், சில மீட்டர் மாற்றத்தை அக்கோட்டிலிருந்து படித்துவிட முடியாது.