ஒரு கிண்ணம் கம்போவும் நான் நடத்தாமல் விட்ட பாடமும்



ஹூஸ்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன். பக்கத்து மாநிலம் லூசியானா. அந்த மாநிலத்துச் சமையலான ‘கம்போ’வை நேற்று வீட்டிலேயே செய்தோம். குழம்புக்கும் சூப்புக்கும் நடுவில் ஒன்று, சோற்றோடு சாப்பிடுவது.

மைதாவையும் எண்ணெயையும் சம அளவு எடுத்து, சிறு தீயில் முக்கால் மணி நேரம் கைவிடாமல் கிண்டி, சாக்லேட் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். போன் வந்ததென்று நான் திரும்பினேன், கருகிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். இதற்கு ‘ரூ’ என்று பெயர், பிரெஞ்சுக்காரர் முறை. அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் வதக்கி, தண்ணீர் விட்டு, கோழியும் வெண்டைக்காயும் வேகவைத்து, இறக்கும் நேரத்தில் இறால் போட்டோம். நாம் வெண்டைக்காயின் வழவழப்புப் போகத்தான் பாடுபடுவோம். இங்கே அந்த வழவழப்புதான் குழம்பைக் கெட்டியாக்குகிறது!

கிண்டிக்கொண்டே யோசித்தபோதுதான் மனசு உறுத்தியது.

‘கம்போ’ என்ற பெயரே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அங்கோலாப் பக்கத்துப் பாந்து மொழிகளில் வெண்டைக்காய்க்கு ‘கிங்கோம்போ’ என்று பெயர். அதுவே கம்போ ஆனது என்பது பலர் கருத்து. நியூ ஆர்லியன்ஸ் நகரை 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவினார்கள். அடுத்த ஆண்டே ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிய முதல் கப்பல்கள் லூசியானாவுக்கு வந்தன. விதைநெல்லும், நெல் பயிரிடத் தெரிந்த ஆட்களும் வாங்கி வரும்படி கப்பல் தலைவர்களுக்கு உத்தரவு இருந்தது. கவனியுங்கள், வெறும் உடலுழைப்புக்காக மட்டும் அல்ல, அவர்களுடைய விவசாய அறிவுக்காகவும் பிடித்து வந்தார்கள்.

வெண்டைக்காய் கிடைக்காத காலத்தில் சசாஃப்ராஸ் மரத்தின் இலைப்பொடி. அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் சோக்டா பழங்குடியினர். 1830 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் மிசிசிப்பியில் இருந்த சொந்த மண்ணைவிட்டு மேற்கே துரத்தப்பட்டார்கள். 1755 முதல் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஆங்கிலேயர் விரட்டிய அக்கேடியர்களில் பலரும் பின்னர் லூசியானா வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களுக்கும் ஒரு கம்போ உண்டு.

எட்டாம் வகுப்பில் அடிமை வணிகத்தை நான் எப்படி நடத்தினேன், நினைவிருக்கிறதா? கரும்பலகையில் மூன்று கண்டங்கள், மூன்று அம்புக்குறிகள். “ஐந்து மார்க் கேள்வி, அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.” அவ்வளவுதான். அந்த அம்புக்குறிக்குள் நெல் நடத் தெரிந்த கைகளும், சமைக்கத் தெரிந்த கைகளும், தாய்மொழியும் இருந்தன என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது. தேடிப் படிக்கவும் இல்லை. அது என் குறைதான்.

இன்னொன்று. 1960களின் தொடக்கத்தில், கருப்பரும் வெள்ளையரும் ஒரே உணவகத்தில் சேர்ந்து உண்பது நியூ ஆர்லியன்ஸில் சட்டவிரோதம். லியா சேஸ் அம்மையார் சமைத்த ‘டூக்கி சேஸ்’ உணவகத்தின் மாடியில் இரு தரப்பு உரிமைப் போராளிகளும் ஒன்றாக உட்கார்ந்து கம்போ சாப்பிட்டபடி திட்டம் தீட்டினார்கள். சேர்ந்து சாப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று, சமபந்திக்குப் போராடிய நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்களில் சிலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். அந்தப் பாடம் வரும்போது அம்புக்குறியோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு வெண்டைக்காயைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்