தமிழ்நாட்டில் திராட்சைப் பந்தல்

திராட்சைப் பந்தல் என்பது திராட்சைக் கொடியைத் தலைக்கு மேல் பரப்பி வளர்ப்பதற்காகத் தூண்களும் கம்பிகளும் கொண்டு அமைக்கப்படும் தாங்கி ஆகும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாக இதைக் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கான்சாபுரம் பகுதிகளில் தென்னையும் மாவும் நெல்லும் பெரும் பயிர்கள். மலைக்கு அப்பால் உள்ள கம்பத்திலோ திராட்சை பெரும் பயிர். மலைக்கு இப்பக்கம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கொடி வைப்பவரும் கம்பத்துப் பந்தல் முறையையே சிறிய அளவில் பின்பற்றலாம்.

பெயர்

திராட்சை என்னும் சொல் வடமொழியிலிருந்து வந்தது. கொடிமுந்திரி, முந்திரிகை என்பவை இதன் பழைய தமிழ்ப் பெயர்கள். கொடி பற்றி ஏறும் கோலுக்குக் கொழுகொம்பு என்று பெயர். முல்லைக்குக் கொழுகொம்பு இல்லை என்று வள்ளல் பாரி தன் தேரையே நிறுத்திவிட்டு வந்த செய்தியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

பிற நாடுகளில்

திராட்சைக்குத் தாங்கி கொடுக்கும் வழக்கம் மிகப் பழையது. எகிப்தில் 18ஆம் அரச மரபைச் சேர்ந்த நக்த் என்பவரின் கல்லறை ஓவியத்தில், பந்தலில் தொங்கும் குலைகளை ஆட்கள் பறிக்கும் காட்சி உள்ளது. ரோமானியர்கள் எல்ம் மரங்களில் கொடியை ஏற்றினர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கொலுமெல்லா தம் வேளாண் நூலில் இதை விளக்கியுள்ளார். தென் பிரான்சில் கொடியைக் குட்டையாக வெட்டி, தாங்கியே இல்லாமல் புதர்போல் வளர்ப்பதும் வழக்கம்.

இந்தியாவில் 14ஆம் நூற்றாண்டில் தௌலதாபாத் வந்த இபின் பதூதா, அங்குத் திராட்சை ஆண்டுக்கு இருமுறை காய்ப்பதாக எழுதினார். வெப்ப நாட்டில் இக்கொடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை என்பதை அக்குறிப்பு உணர்த்துகிறது.

1832 என்னும் ஆண்டு

கம்பத்தில் விளையும் முதன்மை இரகம் பன்னீர் திராட்சை. இதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று பல குறிப்புகள் கூறுகின்றன. இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மஸ்கட் ஹாம்பர்க், கறுப்பு ஹாம்பர்க், அலெக்சாந்திரியா மஸ்கட் ஆகிய இரண்டின் கலப்பில் பிறந்தது. அது இங்கிலாந்தில் அறிமுகமானது 1850ஆம் ஆண்டை ஒட்டித்தான். எனவே 1832 என்பது பிரெஞ்சுப் பாதிரியார் வழியாகத் திராட்சைக் கொடி வந்த ஆண்டாக இருக்கலாம். இன்றைய பன்னீர் இரகம் அதற்குப் பின்னரே வந்திருக்க வேண்டும்.

கொடி வந்த கதையில் ஒரு பாதிரியாரும் ஓர் ஆண்டும் நினைவில் நிற்கின்றன. பந்தல் போட்டவர்களின் பெயர் எதிலும் இல்லை. ஆனால் பந்தல் இந்த மண்ணுக்குப் புதிதன்று. புடலையும் பாகலும் அவரையும் பந்தலில் காய்த்தவையே. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை நட்டு, வாழைநாரால் கொடியைக் கட்டி ஏற்றும் தொழில் தென்மாவட்டங்களில் பரம்பரையாக இருந்தது. வெற்றிலை கணுவில் விடும் வேரால் பற்றும். திராட்சை பற்றுக்கம்பியால் சுற்றும். இரண்டையும் கட்டி ஏற்றும் கைப்பழக்கம் ஒன்றே. வெளியிலிருந்து வந்த கொடிக்கு உள்ளூர் அறிவு இடம் கொடுத்தது என்று கொள்வதே பொருத்தம்.

1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை கம்பம் பள்ளத்தாக்குக்கு நீர் கொடுத்தது. நீரும், மலையடிவாரத் தட்பவெப்பமும், பந்தலும் சேர்ந்தபோது ஆண்டு முழுவதும் பழம் பறிக்க முடிந்தது.

பந்தல் ஏன்?

கொடியின் நுனி மேல்நோக்கி வளரும்போது நுனி மொட்டே வலுவாகத் தழைக்கும்; கீழ் மொட்டுகள் உறங்கும். அதே கிளையைப் படுக்கையாகப் படரவிட்டால் நுனியின் ஆதிக்கம் குறைந்து, கிளை நெடுகிலும் மொட்டுகள் விழிக்கும். மேலே இலை, கீழே குலை என்று அமைவதால் கடும் வெயில் பழத்தைச் சுடுவதில்லை. குறையும் உண்டு. இலை அடர்ந்தால் காற்று புகாது. மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோய் விரைந்து பரவும். பந்தல் அமைக்கச் செலவும் அதிகம்.

வீட்டுத் தோட்டத்தில்

நான்கு கல்தூண்கள் அல்லது இரும்புக் குழாய்களை ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் வெளியே நிற்குமாறு ஆழ ஊன்ற வேண்டும். மேலே கெட்டிக் கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்ட வேண்டும். குலைகளோடு கொடி மிகக் கனமானது. மூங்கில் பந்தல் சில ஆண்டுகளில் இற்றுவிடும்.

செடியருகே ஒரு கோல் நட்டு, ஒரே தண்டை மட்டும் நாரால் தளர்வாகக் கட்டி ஏற்றவேண்டும். பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டும். தண்டு பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி, எதிரெதிர்த் திசையில் இரண்டு கிளைகளை விட வேண்டும். அவற்றிலிருந்து பிரியும் கிளைகளே பந்தலை மூடும்.

புதிய தளிரில்தான் பூங்கொத்து வரும் என்பதால் கவாத்து இன்றிக் காய்ப்பு இல்லை. டிசம்பர்-ஜனவரிக் கவாத்து ஏப்ரல்-மே மாதங்களிலும், மே-ஜூன் கவாத்து ஆகஸ்ட்-செப்டம்பரிலும் பழம் தரும். வெட்டாமல் விட்ட கொடி நிழலை மட்டுமே தரும்.

இன்றைய நிலை

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டுத் திராட்சைப் பரப்பில் ஏறத்தாழ 85 சதவீதம் இந்த இரகம் என்று அப்போது வெளியான தகவல்கள் கூறின. விதையில்லாத இரகங்களின் போட்டியும் மழைக்கால நோயும் இதற்கு எதிரே நிற்கின்றன. பந்தலின் அடியில் நின்று, அண்ணாந்து பார்த்து, கணு எண்ணி வெட்டும் கவாத்துத் தொழிலாளர்களின் திறமை இப்பயிருக்கு மிக இன்றியமையாதது. அது ஏட்டில் எழுதப்படாமல் கைமாறி வந்த கல்வி. அடுத்த தலைமுறை அதைக் கற்காவிட்டால் குறியீடு மட்டும் கொடியைக் காக்காது.