கணையத்தில் ஒரு மடை

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் எந்தத் திசையில் சென்றாலும் கண்மாய்கள் தென்படும். அவை தனித்தனியே வெட்டிய குளங்கள் அல்ல. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்த நீர் கீழ்க் கண்மாய்க்கு வரும். அது நிரம்பினால் அடுத்ததற்குப் போகும். இப்படிக் கோத்த கண்மாய்களைச் சங்கிலித் தொடர் என்கிறோம்.

மதுரையைப் பார்த்தே இராத அமெரிக்க அறுவை மருத்துவர்கள் மனித வயிற்றுக்குள் இருக்கும் ஓர் உறுப்புக்கு இதே உவமையைக் கையாண்டார்கள் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நாட்பட்ட கணைய அழற்சி என்னும் நோயில் கணையத்தின் நடுக்குழாய் ஓரிடத்தில் சுருங்கியும் அடுத்த இடத்தில் வீங்கியும் காணப்படும். அந்தத் தோற்றத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஏரிச் சங்கிலி'. அந்த ஏரிகளை எப்படித் திறந்துவிட்டார்கள், அதற்கு நோயாளியை எப்படி ஆயத்தம் செய்தார்கள் என்ற கதை, தென்னிந்தியரான நமக்கு மிக நெருக்கமான கதை.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் குறுக்கே படுத்திருக்கும் சுரப்பி. நீளம் சுமார் 15 செ.மீ.; எடை ஏறத்தாழ 100 கிராம். இந்தச் சிறிய உறுப்பு நாள்தோறும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை செரிமான நீரைச் சுரக்கிறது. தன் எடையைப் போலப் பத்து மடங்கு! அது போதாதென்று இன்சுலினையும் உண்டாக்கி இரத்தத்தில் கலக்கிறது.

இதன் நடுக்குழாயை 1642-ல் இத்தாலியின் பதுவா நகரில் விர்சுங் என்பவர் கண்டார். மரண தண்டனை பெற்ற ஒருவரின் உடலை அறுத்துப் பார்க்கும்போது அது தென்பட்டது. இது தமனியா, சிரையா, எதற்கு இருக்கிறது என்று அவருக்கே புரியவில்லை. செப்புத் தகட்டில் அதன் படத்தைச் செதுக்கி, அறிஞர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். மறு ஆண்டே அவர் கொலையுண்டார். குழாயில் ஓடுவது செரிமான நீர் என்பது 1664-ல் டி கிராஃப் நாயின் கணையக் குழாயில் இறகுத் தண்டைச் செருகி நீரை வடித்துக் காட்டிய பிறகே தெளிவாகத் தொடங்கியது.

அந்தக் குழாய்க்குள் கல் விளையும் என்பதும் பழைய செய்தியே. 1788-ல் ஆங்கில மருத்துவர் தாமஸ் காலி, நீரிழிவால் இறந்த ஓர் இளைஞனின் கணையம் நிறையக் கற்கள் இருந்ததை எழுதி வைத்தார். அதன் முழுப் பொருள் விளங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1920-ல் மோசஸ் பாரன் என்ற அமெரிக்கர், கல்லால் குழாய் அடைபட்ட கணையத்தில் செரிமான நீர் சுரக்கும் பகுதி நலிந்தாலும் இன்சுலின் சுரக்கும் திட்டுகள் பிழைத்திருப்பதைக் குறிப்பிட்டார். அந்தக் கட்டுரையைப் படித்த இரவில்தான் கனடாவின் பான்டிங் மனத்தில் பொறி தட்டியது. அடுத்த ஆண்டே அவரும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் ஆய்வைத் தொடங்கினர். இன்று ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளி ஒவ்வொருவரும் ஒரு கணையக் கல்லுக்குக் கடன்பட்டவர் எனலாம்.

இனி நம் பக்கம் வருவோம். 1938-லேயே சென்னை மாகாணத்து அறுவை மருத்துவர் எம். ஜி. கினி கணையக் கற்களைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் எழுதினார். 1959-ல் சூய்தெமா என்பவர் இந்தோனேசியாவில் ஊட்டக்குறைவுள்ள ஏழைகளிடம் இந்நோயை விவரித்தார். ஆனால் நோயைத் தேடித் தேடி நூற்றுக்கணக்கானோரிடம் ஆராய்ந்தவர் கேரளத்து டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ். அவர் வரைந்த சித்திரம் கொடியது. சிறு வயதில் வயிற்றுவலி தொடங்கும். இளமையில் சர்க்கரை நோய் சேரும். நடு வயதைப் பலர் காண்பதில்லை. மேல் நாட்டில் இது பெரும்பாலும் மதுவால் வரும் நடுத்தர வயது நோய். இங்கோ மதுவைத் தொடாத சிறுவர்களுக்கும் பெண்களுக்கும் வந்தது.

காரணம் மரவள்ளிக்கிழங்கு என்று நெடுங்காலம் நம்பினார்கள். அதிலுள்ள சயனைடு சேர்மங்கள் கணையத்தைக் கெடுக்கின்றன என்பது வாதம். ஆனால் மதுரைச் சமவெளியில் மரவள்ளி முதன்மை உணவாக இருந்ததில்லை. நெல்லும் சோளமும் கம்பும் கேழ்வரகும்தான் இங்கத்திய உணவு. தமிழ்நாட்டில் இந்நோய் கண்டவர்களில் பலர் மரவள்ளி உண்டு வளர்ந்தவர்கள் அல்லர். 2002-ல் ஐதராபாத் ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் வேறொரு விடையைத் தந்தனர். கணையத்துக்குள்ளேயே டிரிப்சின் என்ற நொதி முன்கூட்டியே விழித்துக்கொண்டால் அதை அடக்க ஒரு காவல் புரதம் உண்டு. அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஒரு மாற்றம், நம் நாட்டு நோயாளிகளில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பேரிடம் காணப்பட்டது.

டாக்டர் வி. பாலகிருஷ்ணன் தலைமையில் நடந்து 2008-ல் வெளியான நாடளாவிய ஆய்வு 1,086 நோயாளிகளைக் கணக்கில் கொண்டது. விவரம் முழுதாகக் கிடைத்தவர்களில் மது காரணமாக நோயுற்றவர் 38.7 விழுக்காடு; காரணம் தெரியாதவர் 60.2 விழுக்காடு. இந்த எண்களை நான் வேண்டுமென்றே இங்கே நிறுத்திச் சொல்கிறேன். கணைய நோய் என்றதும் "குடித்திருப்பான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உறவினர்கள் நம் ஊரில் குறைவில்லை. மதுவே காரணமானாலும் வலி வலிதான் என்பது வேறு.

அந்த வலியைச் சற்றுப் பார்ப்போம். மேல் வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும். நோயாளி முழங்கால்களை மார்போடு சேர்த்துக் குனிந்து உட்கார்ந்துகொள்வார். உண்டால் வலி கூடும். ஆகவே உண்ணவே அஞ்சுவார். உடல் வற்றிப் போகும். 'அல்சர்', 'வாயு' என்று ஆண்டுக் கணக்கில் மருந்து உண்டு, கடைசியில் எக்ஸ்-கதிர்ப் படத்தில் முதுகெலும்பின் குறுக்கே வெண்புள்ளிகள் வரிசையாகத் தெரியும்போதே உண்மை வெளியாகும். அந்தப் புள்ளிகள் ஏன் வெண்மையாகத் தெரிகின்றன? எக்ஸ்-கதிரை ஒரு தனிமம் உட்கவர்வது பெரும்பாலும் அதன் அணு எண்ணின் மும்மடியை ஒட்டி உயர்கிறது. தசையில் மிகுந்துள்ள ஆக்சிஜனின் அணு எண் 8. கல்லில் உள்ள கால்சியத்தின் அணு எண் 20. வேறுபாடு எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

வலிக்கு அறுவை மருத்துவர்கள் தந்த விளக்கமும் இயற்பியலே. ஒரே அழுத்த வேறுபாட்டில் குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் 16-ல் ஒரு பங்காகக் குறையும் என்பது பாய்ஸொய் விதி. சுரப்பியோ சுரந்துகொண்டே இருக்கிறது. மடை அடைபட்ட கண்மாயில் மழை நீர் வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? கரை நெருக்கப்படும். கணையத்திலும் அழுத்தம் ஏறி, திசுவுக்குள் இரத்த ஓட்டம் நெருக்குண்டு வலிக்கிறது. 1980-களில் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் குழாயின் உள்ளும் திசுவின் உள்ளும் அழுத்தத்தை அளந்தே பார்த்தார்கள். நோயுற்ற கணையத்தில் அது மிகுந்திருந்தது.

அளவீடு வருமுன்பே அறுவை மருத்துவர்கள் செயலில் இறங்கிவிட்டனர். 1954-ல் டுவால் கணையத்தின் வால் நுனியை வெட்டி, அந்த வாயைச் சிறுகுடலோடு இணைத்தார். இது கடைசிக் கண்மாயில் மட்டும் மடை வைப்பது போன்றது. இடையில் பல அடைப்புகள் இருந்தால் மேலுள்ளவை வடியா. 1958-ல் புஸ்டோவும் கில்லெஸ்பியும் குழாயை நீளவாக்கிலேயே கீறித் திறந்தனர். 1960-ல் பார்ட்டிங்டனும் ரோஷெலும், வாலையும் மண்ணீரலையும் வெட்ட வேண்டியதே இல்லை என்று காட்டினர். குழாயை வாய்க்கால்போல நெடுகத் திறப்பார்கள், கற்களை அகற்றுவார்கள், சிறுகுடலின் ஒரு கிளையை மேலே கொண்டுவந்து அந்தத் திறப்பின்மேல் தைத்துவிடுவார்கள். கணைய நீர் நேரே குடலில் இறங்கும். 1987-ல் சார்லஸ் ஃப்ரேயும் ஸ்மித்தும் ஒரு படி மேலே போய், கணையத்தின் தலைப்பகுதியில் கல்லும் தழும்பும் மண்டிய சதையைக் குடைந்தெடுப்பதையும் இதோடு சேர்த்தனர்.

நம் நோயாளிகளுக்கு இதில் ஒரு பேறு உண்டு. இங்கு காணும் நோயில் குழாய் மிக அகன்றும் கற்கள் பெரியனவாகவும் இருப்பது வழக்கம். சுருங்கிய குழாயைத் தைப்பது கடினம். அகன்ற குழாயோ இந்த அறுவைக்கென்றே அமைந்தது போல. சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை-குடல் அறுவைத் துறையை வளர்த்த டாக்டர் என். ரங்கபாஷ்யம் உள்ளிட்ட குழுவினர் கேரளத்திலும் தென்னிந்தியாவிலும் பெற்ற அனுபவத்தை 1990-ல் உலக அறுவை இதழில் வெளியிட்டனர். 2006-ல் கோயம்புத்தூர் டாக்டர் சி. பழனிவேலு குழு இதையே சிறு துளைகள் வழியே செய்ததைத் தெரிவித்தது. 1954-ல் தோன்றிய மதுரை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அரசு இராசாசி மருத்துவமனையிலும் — நம்மவர் 'பெரிய ஆஸ்பத்திரி' என்பது — இன்று இதற்கெனத் தனித்துறை உண்டு.

ஆனால் அழுத்தம் மட்டுமே வலி அன்று. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் என்பதாலேயே இதைச் சொல்லியாக வேண்டும். நல்ல கைகளில் அறுவை முடிந்த பின்னும் நான்கில் ஒருவருக்கு வலி முழுதும் நீங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் வலித்த நரம்புகள் பருத்து, தண்டுவடமும் மூளையும் வலிக்குப் பழகிவிடுகின்றன. மடையைத் திறந்தாலும் அந்தப் பழக்கம் உடனே போகாது. எனவே காலம் முக்கியமாகிறது. 2007-ல் நெதர்லாந்தில் 39 பேரிடம் நடந்த ஒப்பீட்டில், ஈராண்டுக்குப் பின் வலி முழுதுமோ ஓரளவோ குறைந்தவர்கள் அறுவைக் குழுவில் 75 விழுக்காடு. வாய்வழிக் குழாய்ச் சிகிச்சைக் குழுவில் 32 விழுக்காடு. அதே நாட்டில் 88 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வும், அறுவையைக் கடைசி வழியாகத் தள்ளிப்போடாமல் முன்னதாகச் செய்தவர்களுக்கு வலி குறைவு என்றது. ஒலி அதிர்வலையால் கல்லைப் பொடியாக்கும் முறையும் உண்டு. ஐதராபாத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குச் செய்து 2010-ல் வெளியிட்டுள்ளனர். யாருக்கு எது என்பதைக் குழாயின் படத்தைப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

கத்தியைவிட ஆயத்தமே உயிர் காத்த வரலாறு இத்துறைக்கு உண்டு. 1935-ல் விப்பிள் கணையத் தலையை அகற்றும் பேரறுவையை விவரித்தபோது அதை இரு கட்டமாகச் செய்தார். மஞ்சள் காமாலை கண்டவர்களின் இரத்தம் உறையாது என்ற அச்சமே காரணம். வைட்டமின் 'கே' கைக்கு வந்த பின் 1940-ல் ஒரே கட்டமாகச் செய்ய முடிந்தது. கத்தி மாறவில்லை, முன்னே போட்ட ஊசிதான் மாறியது.

ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த அறுவைக்கு நாள் குறித்தால், அதற்கு முந்திய வாரங்களை வீணான காத்திருப்பு என்று எண்ணாதீர்கள். மெலிந்த உடலில் தையல் ஆறாது. முட்டை, மீன், பயறு என்று புரதம் ஏற வேண்டும். செரிக்க நொதி மாத்திரை வேண்டும். குறைந்த வைட்டமின்களை ஈடுசெய்ய வேண்டும். சர்க்கரையை இன்சுலினால் அடக்கியிருக்க வேண்டும். புகையும் மதுவும் அன்றே நிற்க வேண்டும். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை உறிஞ்சிப் பந்தை உயர்த்தச் சொல்வார்கள். விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும். மேல் வயிற்றில் வெட்டு விழுந்தவர் வலிக்கு அஞ்சி ஆழ மூச்சு விடமாட்டார்; நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும். அதைத் தடுக்கும் பயிற்சி அது. மண்ணீரலையும் எடுக்க நேரலாம் என்றால் சில தடுப்பூசிகளை முன்னரே போடுவார்கள். இதுவரை உண்ட வலி மாத்திரைகளின் பெயரையும் அளவையும் மயக்க மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. பழகிய உடலுக்கு வழக்கமான அளவு மருந்து போதாது.

அறுவைக்குப் பின் மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் பக்கத்தில் ஒன்று. பக்கக் குழாயில் வடியும் நீரில் அமிலேஸ் நொதி மிகுந்தால் தையல் எங்கோ கசிகிறது என்று பொருள். முற்காலத்தில் வாரக் கணக்கில் படுக்க வைத்தார்கள். 1899-லேயே சிகாகோவின் எமில் ரீஸ் எழுந்து நடக்கச் சொன்னதை உலகம் கேட்கவில்லை. 1990-களில் டென்மார்க்கின் கெலெட் சான்றுகளோடு வற்புறுத்திய பிறகே அது முறையாயிற்று. இன்று மறுநாளே கட்டிலைவிட்டு இறக்கி நடத்துகிறார்கள். "வெட்டின வயிறு, அசைக்காதே" என்று தடுக்கும் பாட்டிமாரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

வீடு திரும்பிய பின் ஒன்றரை, இரண்டு மாதம் குடம் தூக்கக் கூடாது. நொதி மாத்திரையை முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். உண்டு முடித்துக் கை கழுவியபின் விழுங்கினால் சோற்றோடு கலக்காது, மலம் எண்ணெயாக மிதக்கும். சர்க்கரை நோய் இருந்தால் இன்னொரு கவனமும் வேண்டும். கெட்ட கணையத்தில் சர்க்கரையை இறக்கும் இன்சுலின் மட்டுமன்றி, ஏற்றும் குளுக்ககானும் குறைந்திருக்கும். ஒரு வேளை உண்ணாமல் ஊசி போட்டால் சர்க்கரை மற்றவர்களைவிட வேகமாக இறங்கிவிடும். சட்டைப் பையில் எப்போதும் சில மிட்டாய்கள் இருக்கட்டும். வலி நின்றுவிட்டது என்று மருத்துவமனைச் சீட்டைப் பரணில் போட்டுவிடவும் கூடாது. 1994-ல் வெளியான ஆய்வொன்றில் சென்னை மருத்துவர்களும் பங்கு கொண்டனர். வெப்ப நாடுகளின் இந்தக் கணைய அழற்சி கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் கணையப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி என்று அது கண்டது. நின்றுபோன வலி திரும்பினாலோ, காரணமின்றி எடை இறங்கினாலோ, அதே சீட்டை எடுத்துக்கொண்டு அன்றே புறப்பட வேண்டும்.